எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ்

குடித்தாயிற்று. டம்ளரின் அடியில் கரையாமல் கிடந்ததைக்கூட சிஸ்டர் விடவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஸ்பூனால் கிளறி, "இதையும் ஊத்திக்குங்க, எழுபத்தஞ்சு கிராமும் உள்ள போகோணும்" என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். மணி ஒன்பது நாற்பது. பதினொன்று நாற்பதுக்கு ரத்தம் எடுப்பார்கள். அதுவரை எதையும் தின்னக் கூடாது, அங்கே இங்கே நடக்கக் கூடாது, முக்கியமாக வாந்தி எடுக்கக் கூடாது. எடுத்தால் இன்னொரு நாள் வந்து இதே கண்றாவியை முதலிலிருந்து குடிக்க வேண்டும். வான்மதி வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாய்க்குள் ஊறி ஊறி வரும் எச்சிலை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் இருந்தாள். விழுங்கினால் இனிப்பு. துப்ப இடமில்லை. உதட்டிலும் மோவாயிலும் ஒழுகிய இடமெல்லாம் பிசுபிசு. எங்கிருந்தோ ஒரு ஈ அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டது, விரட்ட விரட்ட மூக்கையே சுற்றியது. பக்கத்தில் மாமியார் ராமாத்தாள், மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் மருமகள் ரத்தம் கொடுத்த மறு நிமிஷம் சாப்பிட நாலு இட்லி. "கண்ண மூடிச் சாஞ்சுக்க அம்மிணி. நேரம் போறதே தெரியாது" என்றாள். தெரியாதாம். ஒன்பது நாற்பத்திரண்டு.

எதிர்ச் சுவரில் ஒரு குழந்தைப் படம். எல்லா பிரசவ ஆஸ்பத்திரியிலும் தொங்கும் அதே வெள்ளைக்காரக் குழந்தை, தொடையில் மூன்று மடிப்பு, கன்னம் மூக்கை விழுங்கிவிட்டது. ஈரோட்டில் யார் வீட்டில் இப்படிப் பிறக்கிறது? அந்த மடிப்புகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. தாய்க்குச் சர்க்கரை ஏறினால் அது பிள்ளைக்கும் போகும், பிள்ளை இப்படித்தான் ஊதும், பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளும், வெளியே வந்ததும் சர்க்கரை சட்டென்று இறங்கும், கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். எல்லாம் படித்தாயிற்று. நாலு மாதமாக அவள் படிக்காதது என்ன மிச்சம்? கக்கூஸில் உட்கார்ந்துகூடப் படித்தாள். கருவுறுவதற்கு முன்னால் கஞ்சா பிடித்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் ஆபத்து கூடுதல் என்று ஓர் ஆராய்ச்சி. அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்று. உறுதியாகச் சொல்ல இன்னும் பார்க்க வேண்டும் என்று மூன்றாவது. மனது இருக்கிறதே, அது இரண்டாவதையும் மூன்றாவதையும் தொடவே இல்லை. முதலாவதைக் கவ்விக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. கருவுறுவதற்கு முன்னால். எத்தனை நாள் முன்னால் என்று அந்தப் பாழாய்ப்போனவர்கள் எழுதியிருக்கவில்லை. கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது ஜனவரி பத்தொன்பது. ஏற்காட்டுக்குப் போனது இருபத்தாறு, ஓட்டல் வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. அன்றைக்கு இழுத்ததுதான் கடைசி. கடைசியா? பாதி மிச்சம் இருந்ததே, புருஷன் கிருபா அதைத் தீப்பெட்டிக்குள் வைத்தானே, அந்தத் தீப்பெட்டி வீட்டுக்கு வந்ததா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் ஏறினோமே, அது போன வருஷமா இந்த வருஷமா? ஒவ்வொரு தடவையும் நினைப்பு இந்தத் தீப்பெட்டி வரைக்கும் ஓடிவந்து நின்றுவிடும். அது அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. திரும்ப ஜனவரி பத்தொன்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெங்களூரில் இருந்த நாலு வருஷமும் அது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. கம்பெனியில் பாதி ராத்திரிவரை அமெரிக்காக்காரனோடு பேசிவிட்டு வந்தால் தூக்கம் வராது. கூட இருந்த பெண்கள் பழக்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யாரும் அவள் வாயைப் பிளந்து வைத்துவிடவில்லை. பால்கனியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஒன்று, படுக்குமுன் ஒன்று. அந்த வாசனை அப்போது எவ்வளவு பிடித்திருந்தது! இப்போது நினைத்தால் ஈரத் துணியைக் கருக்கிய வாடை, அதற்கு அடியில் ஆட்டுப் புழுக்கை வாடை, மயிரில், தலையணை உறையில், உள்ளாடையில்கூட. மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து, முந்தின நாள் பிரியாணியை டப்பாவிலிருந்து கையால் வழித்துத் தின்றது. எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். விரலிடுக்கில் ஒட்டியதை நக்கித் தின்று, அதன் மேல் ஐஸ்கிரீம், அதன் மேல் சிப்ஸ், என்ன வாய் அது, வாயா சாக்கடையா? அந்த வாயால்தான் அப்பாவோடு போனில் "சாப்ட்டேம்பா, ரசஞ்சோறு" என்பாள். சீ. இதே உடம்பில்தான் இப்போது ஒன்று குடியிருக்கிறது, வேறு வீடு பார்த்துப் போக முடியாமல். உள்ளே அது புரண்டது. குளுக்கோஸ் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது போல, துள்ளுகிறது. பிள்ளை துள்ளினால் தாய்க்குச் சந்தோஷம் வர வேண்டும் என்பார்கள். அவளுக்கு வயிறு முழுக்கப் பாகு தளும்புகிற நினைப்புத்தான் வந்தது. மணி பத்து ஐந்து.

"அட நீ வேற. இவளுக்கு எப்புடி வரும்னா கேக்கற? அவங்கப்பனுக்கு இருந்துருக்குது." ராமாத்தாள் போனில் தன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தணித்துத்தான் பேசினாள், ஆனால் அவளுடைய தணிந்த குரல் மருந்துக்கடை வரைக்கும் கேட்கும். "ஆமா, சொல்லாம மறச்சுப்போட்டாங்க. பொசுக்குன்னு போயிட்டாரு, நெஞ்சுவலின்னாங்க, எல்லாம் சக்கரைதான், பின்னென்ன? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாம என்ன வேண்டாம்னா சொல்லியிருப்போம்? உம். இப்ப என்ன பண்றது, நல்ல புள்ள, அதும்மேல தப்பில்ல." போனை வைத்துவிட்டு, முந்தானை நுனியால் மருமகளின் மோவாயைத் துடைத்துவிட்டாள். "ஈ மொய்க்குது பாரு சாமி." முந்தானையில் சமையல் வாடையும் விபூதி வாடையும் அடித்தன. வான்மதி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொண்டிருந்தால்கூட மானமாக இருந்திருக்கும். நல்ல புள்ளையாம், தப்பில்லையாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. சென்னியப்பன் மின்வாரியத்தில் லைன்மேன். வருஷத்துக்கு இரண்டு தடவை, சில வருஷம் மூன்று தடவை, போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். முப்பத்தாறு தடவை கொடுத்திருக்கிறார். கொடுத்த கையோடு பஞ்சை ஒட்டிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போய், "சக்கரை தூக்கலா போடப்பா, நமக்கென்ன நோயா நொடியா" என்பார். அவருக்கு வேறு பெருமை ஒன்றும் இல்லை. சொந்த வீடு ஓட்டு வீடு, வண்டி பழைய வண்டி, பேச்சும் அவ்வளவாக வராது. இருபத்தைந்தாவது தடவைக்குக் கலெக்டர் கையால் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார், அவ்வளவுதான் அவருடைய பெருமை. அவள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால் போய்விட்டார். ராமாத்தாள் அவரைப் போட்டோவில் மாலையோடு பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட ஆளின் ரத்தத்தில் பெற்ற மகள் சர்க்கரையைக் கொட்டினாள். எதற்கு? தன் மேல் வாடை அடிக்கக் கூடாது என்பதற்கு.

அது நடந்தது பத்தாவது வாரத்தில். முதன்முதலாகப் பேர் பதிய வந்தபோது இதே சிஸ்டர்தான் கார்டு எழுதினாள். வயது, மாதவிலக்குத் தேதி, முன்னால் கலைந்ததுண்டா. அப்புறம், "வீட்டுக்காரர் குடிப்பாரா? சிகரெட்டு?" கிருபா இல்லை என்று தலையாட்டினான். அதற்கடுத்த வரி அவளுக்கானது. சிஸ்டர் தலையைக்கூடத் தூக்கவில்லை, பொம்பளைகளிடம் அதையெல்லாமா கேட்பார்கள், கேட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமியார் சண்டைக்கு வருவாள் என்று, வரிசையாக இல்லை இல்லை இல்லை என்று அவளாகவே எழுதிவிட்டுக் கார்டை மடித்தாள். நாள் முழுக்க இப்படி எத்தனை கார்டோ! வான்மதி வாயைத் திறக்கவில்லை. கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள் என்று அப்போது சமாதானம். அன்றைக்கே எடுத்த சர்க்கரை நூற்று முப்பத்தாறு. "ஓரத்துல நிக்குது. வீட்டுல யாருக்காவது சக்கரை உண்டான்னு நல்லா விசாரிச்சுட்டு வியாழக்கிழமை வாங்க" என்றார் டாக்டர். அன்று சாயங்காலம்தான் அந்த முதல் ஆராய்ச்சி கண்ணில் பட்டது. "டாக்டர்கிட்டச் சொல்லிரலாமா?" என்று கிருபாவிடம் கேட்டாள். அவன் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். "பைத்தியமா உனக்கு? அம்மா கூட வருவாங்க. உங்கப்பாவுக்கு இருந்துச்சுன்னு சொல்லிரு. அவரு என்ன எந்திரிச்சு வந்து டெஸ்டா எடுத்துக்கப் போறாரு?" என்றான். வாயோரம் முறுக்குத் துகள். அவள் என்ன செய்தாள்? அறைந்தாளா? எழுந்து போனாளா? சிரித்தாள். அதுதான். களுக்கென்று, நல்ல தமாஷைக் கேட்டதுபோல், வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் நாலு மாதமாகக் காதுக்குள் கிடக்கிறது. குளுக்கோஸாவது குமட்டலோடு போகும், இது எதில் போகும் என்று தெரியவில்லை. வியாழக்கிழமை டாக்டர் கேட்டார், அவள் சொன்னாள். அப்பாவுக்கு, ஆமாங்க, மாத்திரை சாப்பிட்டாருங்க. மாத்திரை என்ன கலர் என்று கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள், அவ்வளவு கெட்டிக்காரி.

பத்து நாற்பது. பக்கத்து நாற்காலிப் பெண் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காயெண்ணெய் வாடை குப்பென்று வந்து தொண்டையில் உட்கார்ந்தது. வான்மதி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூடினால் அம்மா. எப்போது மூடினாலும் அம்மாதான், சித்திரை நோம்பி கொண்டாட எல்லோரும் பிறந்த வீட்டுக்குப் போனபோது, கையில் கச்சாயப் பலகாரத் தட்டோடு நின்ற அம்மா. ராமாத்தாள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். "ஏனுங் சம்பந்தி, உங்க ஊட்டுக்காரருக்குச் சக்கரை இருந்துச்சாமா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே? பொண்ணு கொடுக்கையில இதையெல்லாம் மறைக்கலாமுங்களா?" கூடத்தில் பங்காளி வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அம்மா ருக்குமணி வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றாள். அப்புறம் மகளைப் பார்த்தாள், ஒரு நொடிதான். வான்மதி தரையைப் பார்த்தாள். தரையில் கச்சாயத்திலிருந்து சொட்டிய எண்ணெய், அதில் ஓர் எறும்பு. "ஆமாங்க" என்றாள் அம்மா. "கொஞ்சமாத்தான் இருந்துச்சுங்க. சொல்லோணும்னுதான் இருந்தேன், கல்யாண அவசரத்துல விட்டுப்போச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க." தட்டு ஆடவில்லை. குரல் ஆடவில்லை. அடுத்தடுத்த ஆளுக்குக் கச்சாயம் நீட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் வான்மதி கூடத்துக்கு வந்தபோது சுவரில் அந்தச் சான்றிதழ்ச் சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. சர்க்கரைக்காரன் ரத்தம் கொடுப்பானா என்று சம்பந்தியம்மாள் யோசித்துவிடக் கூடாதே. ராத்திரியே கழற்றி எங்கோ ஒளித்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன்டி இப்படிச் செய்தாய் என்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? பொய், அப்போதும் ஒரு பொய்தான் சொல்லியிருப்பாள். பஸ் ஏறும்போது அம்மா அவள் கையில் நாலு எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "குமட்டுனா மோந்து பாரு" என்றாள், அவ்வளவுதான்.

ஒன்று செய்வோம் என்று நினைத்தாள். ரத்தத்தில் சர்க்கரை இல்லையென்றால் எல்லாம் சரியாகிவிடும். சர்க்கரையே இல்லாதபோது அப்பா எதற்கு, கஞ்சா எதற்கு, யார் எதைக் கேட்கப்போகிறார்கள். ஆவணியில் பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்து, அம்மா கலந்த சோறெல்லாம் கட்டிக்கொண்டு வருவாள், அதோடு எல்லாரும் மறந்துபோவார்கள். நினைத்த உடனே அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது. எப்படி ஒரு மனசு, எங்கே ஓட்டை கிடைக்கும் என்று கரப்பான்பூச்சியாக ஓடுகிற மனசு! அப்படியென்றால் அம்மா கழற்றிய சட்டம் கழற்றியதுதானா? அப்பா சர்க்கரைக்காரராகவே இருந்துவிட்டுப் போகட்டுமா? சர்க்கரை இருந்தால் சொல்வாளாம், இல்லாவிட்டால் மாட்டாளாம், என்ன நியாயம் இது. இருந்தாலும் இருபது முப்பது தடவை வேண்டிக்கொண்டாள், இல்லாமல் இருக்கட்டும், இல்லாமல் இருக்கட்டும் என்று. மறுபடி ஜனவரி பத்தொன்பது, ஏற்காடு, கொடி, தீப்பெட்டி. ஈ காதோரத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் அசையவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினொன்று நாற்பதுக்கு ரத்தம் எடுத்தார்கள். இட்லி இரண்டு விள்ளலுக்கு மேல் இறங்கவில்லை. பன்னிரண்டரைக்கு டாக்டர் அம்சவேணி கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் பேசுவார்.

"நூத்தி அறுபத்தெட்டு. நூத்தி நாப்பதுக்குள்ள இருந்திருக்கணும். பயப்படாதீங்க, சாப்பாட்டை மாத்துவோம், தினம் நடக்கணும், ரெண்டு வாரத்துல மறுபடி பார்ப்போம். பெரும்பாலும் அதுலயே அடங்கிரும்."

ராமாத்தாள் நாற்காலி நுனிக்கு வந்தாள். "அவங்கப்பாவுக்கு இருந்துச்சுங் டாக்டரு. ரத்தத்துலயே வந்துருச்சு. இவ என்ன பண்ணுவா, பாவம்."

"ஆமா, கார்டுலயே இருக்கே. அப்பா அம்மாவுக்கு இருந்தா வர்றது சகஜந்தான்" என்று டாக்டர் பேனாவை மூடினார்.

முடிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி. டாக்டருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, மாமியாருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, கிருபாவுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் அப்பாவைப் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று. பாவமாம். அந்த ஒரு வார்த்தை குளுக்கோஸைவிடக் கேவலமாக நாக்கில் ஒட்டியது. இதை விழுங்க முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"எங்கப்பாவுக்குச் சக்கரை இல்லீங்க டாக்டர்."

"என்னது?"

"இல்லவே இல்லீங்க. முப்பத்தாறு தடவ ரத்தம் குடுத்தவருங்க எங்கப்பா. நாந்தான் பொய் சொன்னேன். நான் கஞ்சா குடிச்சிட்டிருந்தேன். நாலஞ்சு வருஷமா. இந்த ஜனவரி வரைக்கும். கார்டுல இல்லைன்னு எழுதியிருக்கு, என்னை யாரும் கேக்கல. நானும் சொல்லல."

டாக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். "அதனாலதான் சக்கரை வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. உண்டுங்கறாங்க, இல்லைங்கறாங்க, இன்னும் முடிவா தெரியல. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும். குழந்தை வளர்ச்சியை இன்னும் கொஞ்சம் கவனமா பார்த்திருப்பேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, அடுத்த வாரமே ஒரு ஸ்கேன் போட்டுருவோம்." பேனாவைத் திறந்து, அப்பா என்று எழுதியிருந்த வரியை அடித்தார்.

ராமாத்தாள் ஒயர் கூடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்ற பையனுக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்கத்தே. சுருட்டிக் குடுத்ததே அவருதானுங்க. அப்பா பேரச் சொல்லச் சொன்னதும் அவருதான். சொன்னது நானு."

கத்துவாள் என்று வான்மதி எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ராமாத்தாள் கத்தவில்லை. வெளியே வந்து, அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்ப உங்கம்மா என்னத்துக்கு ஆமான்னாங்க? அத்தன பேருக்கு முன்னால நாக்குல நரம்பில்லாம கேட்டுப்போட்டனே. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?" என்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, "போனப் போடு அவங்களுக்கு. நானே பேசறேன்" என்று கையை நீட்டினாள்.

வான்மதி போட்டுக் கொடுத்தாள். ராமாத்தாளுக்குப் போனைக் காதில் வைத்துப் பழக்கமில்லை, எப்போதும் ஸ்பீக்கர்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். "சாமி, சக்கரை எவ்வளவு சாமி?"

"சம்பந்தி, நானுங்க பேசறேன்" என்றாள் ராமாத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அதற்குள் ருக்குமணியின் குரல் அவசர அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "சம்பந்தி, வந்துருச்சுங்களா? அது எங்க பக்கந்தானுங்க. அவருக்குக் கொஞ்சமில்லீங்க, நெறையாவே இருந்துச்சுங்க. அவங்கம்மாவுக்குங்கூட இருந்துச்சுங்க, எனக்குக்கூட இருக்குதுங்க, நாந்தான் வெளிய சொல்லல. எல்லாம் எங்க தப்புங்க. புள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."